நாய் நக்கிய புண்ணும் கடிதத்தின் கடைசி வரியும்

திருகோணமலை, உப்புவெளிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 61, ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, நீண்ட கடிதத்தை அவருடைய சம்மதத்துடன் சுருக்கித் தருகிறேன்.

ஒரு மாதத்துக்கு முன்னர் கிணற்றடியில் கிடந்த பழைய தகரம் அவருடைய வலது பாதத்தின் மேற்புறத்தை வெட்டியிருக்கிறது. ஏழு தையல் போட்டு, ஏற்பு (டெட்டனஸ்) ஊசியும் போட்டார்கள். தையல் வெட்டிய பிறகு காயம் பெரும்பாலும் மூடிவிட்டது. ஓரத்தில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு இடம் மட்டும் சிவப்பாக, ஈரமாக நிற்கிறது. பன்னிரண்டு வருடமாக நீரிழிவுக்கு மருந்து எடுக்கிறார். போன வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்திருக்கிறார். மனைவி போட்ட சத்தத்தில் விழித்துப் பார்த்தால், வேர்வையில் இளகியிருந்த பிளாஸ்டரை உரித்து எறிந்துவிட்டு வீட்டு நாய் மணி புண்ணை நக்கிக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நக்கினான் என்று தெரியாது. சாரத்தின் நுனியால் துடைத்துவிட்டு, முன்னொரு முறை மீந்திருந்த குளொக்சசிலின் குளிசைகளில் இரண்டை விழுங்கியிருக்கிறார். மறுநாள் காலையில் வழக்கம்போல கடலில் காலை நனைத்துவிட்டு வந்திருக்கிறார்.

வீட்டில் மூன்று கட்சி. தொண்ணூறை நெருங்கும் தாயார், “வைரவரின் வாகனம் வாய் வைத்த புண் பழுதாகாது, நாயின் நாக்கில் மருந்து இருக்கிறது” என்கிறார். மனைவி, “விசர்நாய்க்கடி ஊசி போடுங்கள்” என்கிறார். கனடாவிலிருக்கும் மகள், “நாயை நிலாவெளிப் பக்கம் கொண்டுபோய் விடுங்கள்” என்கிறார். யார் சொல்வது சரி என்பதுதான் வாசகரின் கேள்வி. கடைசியில், கையெழுத்துக்கு மேலே, ஒரு வரி: “1987 இல் எறிகணைத் துண்டு பட்டு வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தார்கள், மண்ணீரலை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள்; அதற்கும் இதற்கும் தொடர்பில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.”

அன்புள்ள ஐயா,

அந்தக் கடைசி வரியை வாசித்த பிறகுதான் உங்கள் தொலைபேசி எண்ணைத் தேடினேன். அச்சில் வரும்வரை காத்திருக்கக்கூடிய விஷயம் அல்ல என்பதால் அன்றிரவே உங்களை வைத்தியசாலைக்கு அனுப்பினேன். அவர்களும் உரிய அன்டிபயோட்டிக்கைத் தொடங்கிவிட்டார்கள். அவசரத்தில் “போங்கள், போங்கள்” என்று விரட்டினேனே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. இந்தக் கடிதம் அதற்காக. உங்களைப் போல வயிற்றில் பழைய தழும்போடு நடமாடுகிறவர்கள் நம் மாவட்டத்தில் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பதால் பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

நாக்கில் மருந்து இருக்கிறதா?

தாயாரிடமிருந்து தொடங்குகிறேன். அவர் சொல்வதில் அரைக்கால் பங்கு உண்மை இருக்கிறது. நாயின் எச்சிலில் சில கிருமிகளைக் கொல்லும் பொருட்கள் உண்டு. தாய் நாய் தன் முலையையும் குட்டிகளையும் நக்கிச் சுத்தப்படுத்துவதில் பயன் இருக்கிறதா என்று ஆராய்ந்து 1990 இல் வெளியிட்டார்கள். ஈ.கோலை போன்ற குடற்கிருமியையும், நாய்க்குட்டிகளைத் தாக்கும் ஒருவகைக் கிருமியையும் அந்த எச்சில் கொன்றது. மனிதரின் புண்ணில் சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டபிலோகொக்கஸ் வகையை அது பெரிதாக அசைக்கவில்லை. அந்த எச்சில் நாய்க்குட்டிக்காக அமைந்தது. உங்கள் பாதத்துக்காக அமைந்தது அல்ல.

அதே எச்சிலில் நாய்க்குத் தீங்கு செய்யாமல் குடியிருக்கும் கிருமிகள் ஏராளம். அவை புண் வழியாக நமக்குள் இறங்கும்போது கதை மாறுகிறது. பாஸ்டரெல்லா என்ற கிருமி ஒரே நாளுக்குள் புண்ணைச் சுற்றிச் சிவப்பும் வீக்கமும் கொதிப்புமாக வெளிப்படும். மற்றது கப்னோசைட்டோபாகா. அதைப்பற்றிக் கீழே.

பாலையூற்றிலிருந்து வரும் ஒரு நோயாளி, லாசருவின் புண்களை நாய்கள் நக்கியதாக விவிலியத்திலேயே இருக்கிறதே என்று என்னோடு வாதாடியிருக்கிறார். இருக்கிறது. ஆனால் அந்த உவமையில் லாசரு குணமடையவில்லை, இறந்துபோகிறார். அதற்குப் பிறகு அவர் அந்த வாதத்தை எடுப்பதில்லை. தாயாரிடம் இதையெல்லாம் சொல்லிச் சண்டை பிடிக்காதீர்கள். வைரவரின் வாகனத்தை மதிக்கட்டும். புண்ணை மட்டும் மூடி வையுங்கள்.

மண்ணீரல் இல்லாத உடம்பு

உங்கள் வயதில் மண்ணீரலோடு இருக்கும் ஒருவர், நீரிழிவும் இல்லாதவர், இதே கேள்வியைக் கேட்டிருந்தால், “சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள், நாயின் ஊசிக் கணக்கைப் பாருங்கள், சிவந்தால் வாருங்கள்” என்று மூன்று வரியில் முடித்திருப்பேன். ஆறிவரும் புண்ணில் நாய் நாக்கு வைத்ததற்கெல்லாம் எல்லோருக்கும் அன்டிபயோட்டிக் தேவையில்லை. நக்கிய நாயைவிட, நக்குப்பட்ட ஆள் யார் என்பதுதான் இதில் பெரிய கேள்வி. வாசலில் நாய் வளர்க்காத மருத்துவர்கள் இதை மறந்துவிடுவதுண்டு. நான் வளர்ப்பதால் எனக்கு நினைவிருக்கிறது.

மண்ணீரல், வயிற்றின் இடது பக்கத்தில், விலா எலும்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஒரு வடிகட்டி. இரத்தத்தில் புகுந்த சில கிருமிகளை, குறிப்பாக உடலில் வழுக்கலான உறை போர்த்திய கிருமிகளை, பிடித்து அழிப்பதில் அதற்கு நிகரான உறுப்பு இல்லை. அது போய்விட்டால் அன்றாட வாழ்க்கையில் ஒன்றும் தெரியாது. நடப்பீர்கள், சைக்கிள் ஓட்டுவீர்கள், ஓய்வூதியம் வாங்குவீர்கள். ஒருநாள் இரத்தத்தில் கிருமி ஏறினால்தான், வாசலில் காவலாளி இல்லை என்பது தெரியவரும். அப்போது நாட்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் காரியம் நடந்துவிடும்.

கப்னோசைட்டோபாகா கனிமோர்சஸ் அப்படிப்பட்ட சந்தர்ப்பத்துக்காகக் காத்திருக்கும் கிருமி. பெயரின் பின்பாதிக்கு இலத்தீனில் ‘நாய்க்கடி’ என்று பொருள். ஆனால் கடித்தால்தான் வரும் என்றில்லை. திறந்த புண்ணில் எச்சில் பட்டாலும் போதும். ஆரோக்கியமான பெரும்பாலான நாய்களின் வாயில் அது சாதாரணமாகவே இருக்கிறது; மணி எந்தக் குற்றமும் செய்யவில்லை. பெரும்பாலான மனிதருக்கும் அது ஒன்றும் செய்வதில்லை. மண்ணீரல் இல்லாதவர்கள், அதிகமாக மது அருந்துகிறவர்கள், ஈரல் பழுதானவர்கள், ஸ்டீரோயிட் போன்ற எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோரிடம்தான் அது தன் முழுக் குணத்தைக் காட்டும். கடுமையாக வந்தவர்களில் பத்துக்கு மூன்று பேர்வரை இறந்துபோகிறார்கள். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாட்களில் தொடங்கும்; பதினான்கு நாட்கள்வரை எதிர்பார்க்கலாம்.

இன்னொரு சங்கடம்: ஆய்வுகூடத்தில் இந்தக் கிருமி மிக மெதுவாக வளரும். இரத்தத்தை எடுத்து வளர்த்துப் பெயர் கண்டுபிடிப்பதற்குள் பல நாட்கள் போய்விடும். ஆகவே மருத்துவர் அதை உங்கள் வாயிலிருந்துதான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். “மண்ணீரல் இல்லை, நாய் புண்ணை நக்கியது” என்ற இந்த ஒரு வாக்கியம் எந்தப் பரிசோதனைத் தாளையும்விட விரைவானது. அதை நீங்கள் கையெழுத்துக்கு மேலே, மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுதியிருந்தீர்கள்.

“இத்தனை வருடம் ஒன்றும் வரவில்லையே” என்று தொலைபேசியில் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. சத்திரசிகிச்சைக்குப் பிந்திய முதல் சில வருடங்களில் ஆபத்து கூடுதல், பிறகு குறையும். ஆனால் ஒருபோதும் அற்றுப்போவதில்லை. காயத்தில் சிதறிய மண்ணீரல் துணுக்குகள் வயிற்றுக்குள் எங்காவது ஒட்டிக்கொண்டு வளர்வதும் உண்டு. அது உங்களுக்கு இருந்தாலும் அதை நம்பிப் படுத்துறங்க முடியாது.

சத்திரசிகிச்சைக் குறிப்புகள் எல்லாம் 2004 சுனாமியில் போய்விட்டன என்றீர்கள். கவலை வேண்டாம், உடம்பிலேயே சாட்சி இருக்கிறது. வயிற்றை ஸ்கான் செய்தால் மண்ணீரல் இருக்கிறதா இல்லையா என்று தெரியும். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுணுக்குக்காட்டியில் பார்த்தாலும் தெரியும். சிவப்பணுக்களில் மீந்துபோகும் கருவின் துணுக்குகளை மண்ணீரல்தான் வழக்கமாகப் பொறுக்கி எடுக்கும். பொறுக்க ஆளில்லாவிட்டால், சிவப்பணுவுக்குள் ஊதா நிறத்தில் ஒரு சிறு புள்ளி அப்படியே நிற்கும். ஹவல்–ஜொலி துணுக்கு என்பார்கள். அதைப் பார்த்தவுடன் அனுபவமுள்ள ஆய்வுகூடத்தார், “இவருக்கு மண்ணீரல் இருக்கிறதா?” என்று கேட்டு எழுதி அனுப்புவார்கள்.

மீந்துபோன குளிசைகள்

இரண்டு குளொக்சசிலின் விழுங்கியதைச் சொல்லத் தயங்கினீர்கள். சொன்னது நல்லது. சாதாரணப் புண்ணில் சீழ் பிடித்தால் நம் ஊரில் முதலில் எழுதப்படும் மருந்து அதுதான், அதனால் நீங்கள் நினைத்ததில் பிழையில்லை. ஆனால் நாய் வாயிலிருந்து வரும் பாஸ்டரெல்லாவுக்கு அது சரியாக வேலை செய்யாது. அதற்கு வழக்கமாகக் கொடுப்பது அமொக்சிசிலினும் கிளவுலனிக் அமிலமும் சேர்ந்த மருந்து. கப்னோசைட்டோபாகாவுக்கும் அதுவே பொருத்தம். பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு வேறு கொடுப்பார்கள். எனவே இதை வாசித்துவிட்டு வேறு யாரும் பாமசிக்கு ஓட வேண்டாம். உங்களுக்கு மட்டும், புண் சிவக்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே கொடுப்பதுதான் சரி என்று நான் நினைத்தேன். வைத்தியசாலையிலும் அதையே நினைத்தார்கள். சில நாள் வயிறு இளகலாம், அவ்வளவுதான். காத்திருந்து பார்ப்பதில் இருக்கும் நட்டத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. கொடுத்த நாட்கணக்கை முழுதாக முடியுங்கள். இந்த முறை மீதம் வைக்காதீர்கள்.

கடலில் காலை நனைப்பதையும் புண் ஆறும்வரை நிறுத்துங்கள். “உப்புத்தண்ணீர் புண்ணை ஆற்றும்” என்பது கரையோர மக்கள் எல்லோருடைய நம்பிக்கையும்தான். சூடான கடல்நீரில் வாழும் விப்ரியோ என்ற கிருமிக்கு நீரிழிவுக்காரரின் திறந்த புண் மிகவும் பிடிக்கும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் பிறகு போகலாம்.

எப்போது ஓட வேண்டும்?

நாய் நக்கிய நாளிலிருந்து பதினான்கு நாட்கள்வரை விழிப்பாக இருங்கள். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், சூடு, சீழ், காலில் மேல்நோக்கிச் செல்லும் சிவந்த கோடு, அரையில் நெறி கட்டுதல் ஆகியவை வெளியில் தெரிபவை. ஆனால் கப்னோசைட்டோபாகா வரும்போது புண் பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வாந்தி, வயிற்றுவலி, குழப்பமான பேச்சு, தோலில் அழுத்தினாலும் மறையாத கருஞ்சிவப்புப் புள்ளிகள் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அந்த நேரமே புறப்படுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காசு கேட்கமாட்டார்கள்.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்று உங்களுக்கு எதிராக வேலை செய்யும். காய்ச்சல் என்றதும் நமக்கு டெங்கு நினைவுக்கு வருகிறது. பரசிட்டமோல் போட்டுக்கொண்டு, “மூன்றாம் நாள் இரத்தம் பார்ப்போம்” என்று இருந்துவிடுகிறோம். அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. நாய் சம்பந்தப்படாத காய்ச்சலுக்கும், இந்த வருடத்துக்கும் இனிவரும் எல்லா வருடங்களுக்கும் அப்படியே. மண்ணீரல் இல்லாதவரின் காய்ச்சல் முதல் மணித்தியாலத்திலேயே அவசர நோய்தான்.

விசர் ஊசி

கடிக்கவில்லை, நக்கியதுதான், ஆகவே விசர் வராது என்று நீங்கள் எழுதியதைத் திருத்த வேண்டும். விசர் நோயின் கிருமி எச்சிலில்தான் இருக்கிறது. காயமில்லாத தோலில் நக்கினால் பயமில்லை. ஆறாத புண்ணிலோ கண், வாய் போன்ற இடங்களிலோ நக்கினால், அதை உலக சுகாதார நிறுவனம் தோலைக் கிழித்த கடியோடு சேர்த்து மூன்றாம் வகையில் வைத்திருக்கிறது. இந்த விஷயத்தில் உங்கள் மனைவி சொன்னதே சரி. நோய் வெளிப்பட்டுவிட்டால் காப்பாற்ற வழி ஏறத்தாழ இல்லை என்பதால், இதில் “பார்ப்போம்” என்பதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும்.

மணிக்குக் கடைசியாக ஊசி போட்டது எப்போது என்று கேட்டேன். “தெருவில் முகாம் வைத்தபோது, இரண்டு வருடம் இருக்கும், அட்டை எங்கோ போய்விட்டது” என்றீர்கள். இரவில் கடற்கரையில் மற்ற நாய்களோடு சுற்றிவிட்டும் வருகிறான். ஒழுங்காக வருடாவருடம் ஊசி போட்ட, கட்டியே வளர்த்த நாயாக இருந்தால் நாயை மட்டும் கவனித்துக்கொண்டு உங்களுக்கு ஊசியைப் பொறுத்துப் பார்க்கலாம். மணி அந்தக் கணக்கில் வரமாட்டான். அதனால் ஊசியைத் தொடங்கிவிட்டு நாயைக் கவனிப்பதே பாதுகாப்பு. முடிவு வைத்தியசாலை மருத்துவருடையது. நம் நாட்டில் நாயைப் பதினான்கு நாட்கள் கவனிக்கச் சொல்கிறோம். எச்சிலில் கிருமி இருக்கும் நிலைக்கு வந்துவிட்ட நாய் அதற்குள் நோயைக் காட்டி இறந்துவிடும். பதினான்காம் நாளும் மணி சாதாரணமாகச் சாப்பிட்டு வாலாட்டிக்கொண்டிருந்தால் மீதி ஊசிகளை நிறுத்துவது பற்றி மருத்துவர் சொல்வார். அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிகளை நினைத்துப் பயப்படாதீர்கள். இப்போது போடுவது கையில் தோலுக்குள் சிறு அளவாக. அரசாங்க வைத்தியசாலையில் இலவசம்.

முதல் உதவி என்ற அளவில் நீங்கள் தவறவிட்டது கழுவுவதை. சாரத்தால் துடைத்தது எச்சிலைப் புண்ணுக்குள் தேய்த்தது போலத்தான். சவர்க்காரமும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், பதினைந்து நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளமானது. கோப்பித்தூள், மஞ்சள், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம்.

மணியை என்ன செய்வது?

மகளின் பயம் எனக்குப் புரிகிறது. ஆயிரக்கணக்கான மைல் தூரத்திலிருந்து தகப்பனை நினைத்தால் நாயா பெரிது? ஆனால் மணியை நிலாவெளியில் விட்டுவிட்டு வந்தால், அவன் பதினான்கு நாட்கள் உயிரோடிருந்தானா என்பதை யாரிடம் கேட்பீர்கள்? உங்களுக்கு எதிராக இருக்கும் ஒரே சாட்சியும் உங்களுக்குச் சாதகமான ஒரே சாட்சியும் அவன்தான். ஆகவே கட்டி வையுங்கள், சாப்பாடு வையுங்கள், யாராவது ஒருவர் தினமும் கவனியுங்கள். குரைக்கும் குரல் மாறுதல், தாடை தொங்குதல், எச்சில் வடிதல், காரணமில்லாமல் சீறுதல், இருட்டில் போய் ஒதுங்குதல் தெரிந்தால் கிட்டப் போகாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். இறந்துவிட்டால் புதைக்காதீர்கள். தலையை ஐஸில் வைத்துக் கொழும்பு, பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பிப் பரிசோதிப்பார்கள். அந்த வேலையை நீங்களே செய்யத் துணியாமல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைக் கேளுங்கள்.

நல்லபடி பதினான்கு நாள் கழிந்தால் அடுத்த வேலை மணிக்கு ஊசி. சுகாதாரத் துறையினர் இலவசமாகவே போடுகிறார்கள். அட்டையை இந்த முறை பிறப்புச் சான்றிதழ்களோடு வையுங்கள். நாய் வளர்ப்பவருக்கு இந்நாட்டில் விசர் நோய் பற்றி 1893 ஆம் ஆண்டிலிருந்தே ஒரு கட்டளைச்சட்டம் இருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது என்பது வேறு விஷயம்.

அவனை வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொள்ளலாம். மண்ணீரல் இல்லாதவர் நாய் வளர்க்கக்கூடாது என்றில்லை. புண்ணுக்கும் முகத்துக்கும் நாக்கு வரக்கூடாது, அவ்வளவுதான். பிளாஸ்டரை நம்பாதீர்கள், நம் வெயிலில் அது ஒரு மணி நேரம் தாங்காது. கோஸ் துணி வைத்துச் சுற்றிக் கட்டி, மேலே ஒரு பருத்திக் காலுறை போடுங்கள். மதியத் தூக்கம் கதவுக்கு உள்ளே.

அந்தத் தூக்கம் பற்றி இன்னொன்று. நாய் பச்சைப் புண்ணை நக்கியும் நீங்கள் விழிக்கவில்லை. ஆழ்ந்த தூக்கமாக இருக்கலாம். பன்னிரண்டு வருட நீரிழிவில் பாதத்தின் உணர்ச்சி மங்கியும் இருக்கலாம். ஒரு மாதமாகியும் அந்தக் குற்றியளவு இடம் மூடாமலிருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. கிளினிக்கில் நைலோன் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் சோதனையை இந்த மாதமே செய்யச் சொல்லுங்கள். மூன்று மாதச் சராசரிச் சீனியையும் பார்க்கட்டும்.

இந்தக் குழப்பமெல்லாம் அடங்கியதும், பொது மருத்துவ நிபுணர் ஒருவரிடம் தடுப்பூசிகள் பற்றிக் கேளுங்கள். நியூமோகொக்கஸ், மெனிங்கோகொக்கஸ், ஹீமோபிலஸ் பி ஆகிய மூன்று கிருமிகளுக்கும், வருடாந்த இன்புளுவென்சாவுக்கும். 1987 இல் அந்தச் சூழ்நிலையில் உங்கள் உயிரைக் காப்பாற்றியதே பெரிது, ஊசி பற்றிச் சொல்ல யாருக்கும் அவகாசம் இருந்திருக்காது. வீட்டில் கைவசம் வைத்திருக்க ஒரு வேளை அன்டிபயோட்டிக் வேண்டுமா என்றும் அவரிடமே கேளுங்கள். இந்தியாவுக்கு யாத்திரை போவதானால் முன்கூட்டியே சொல்லுங்கள். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதாக 2016 இல் அறிவித்தார்கள், அங்கே அப்படியில்லை, உங்களுக்கு அது சாதாரண மலேரியாவாக இருக்காது.

கடைசியாக ஒரு சிறு அட்டை. அடையாள அட்டைக்குப் பின்னால் செருகும் அளவுக்கு. “மண்ணீரல் அகற்றப்பட்டவர். நீரிழிவு. காய்ச்சல் என்றால் உடனடிச் சிகிச்சை தேவை” என்று எழுதி, உங்கள் மனைவியின் தொலைபேசி எண்ணையும் போடுங்கள். தமிழில் மட்டும் எழுதாதீர்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். நீங்கள் மயங்கிக் கிடக்கும்போது உங்கள் சட்டைப்பையைப் பார்க்கும் தாதிக்கு எந்த மொழி தெரியும் என்று இப்போது சொல்ல முடியாது.